ஷூ குடுத்தோம், போடல

ஒரு காலில் மட்டும் மெட்டியோடு எங்களை விட்டுப் போன என் அம்மாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே என்று கேட்டால் நீ நம்பமாட்டாய். நம் ஊரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் அதே சாலையில்தான். நீ கல் சுமந்த வளைவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே, மழையில் சரிந்த இடத்தில், வேறொரு கம்பெனி தடுப்புச் சுவர் கட்டுகிறது. ஒரு தகரக் கொட்டகையில் 'ஸ்டோர்' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்திருப்பது உன் மகள். காலையில் மண்வெட்டி, பாண்டு சட்டி, ஹெல்மெட், கையுறை எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்ப வாங்கி அடுக்க வேண்டும். பி.காம். படித்ததற்கு இதுவா என்று கேட்காதே. நம் வீட்டில் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேனே, அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. என் குரல் எனக்கே கேட்பதில்லை. "வாயில இன்னா பஞ்சு வச்சிகினு கீறியா? சத்தமா கூப்டு!" என்று கோவிந்தம்மா அத்தை தினமும் திட்டுகிறார். ஆமாம், உன்னோடு கல் சுமந்த அதே கோவிந்தம்மாதான். உன் கம்பெனி வேலை முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை ஊரறியத்தான் சொல்லப்பட்டது.

உன் காரியத்துக்கு முந்தைய நாள் உன் கம்பெனி மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தார். பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க இன்னாங்க பண்றது? ஷூ குடுத்தோம், போடல."

அவ்வளவுதான். பந்தலில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரோ ஒருவர், "அதானே, குடுத்தத போட்டுக்கினு இருந்தா இந்தக் கதி வருமா" என்றார். நீ செத்ததற்கு நீயே காரணம் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. இன்னொரு பக்கம் பெண்கள், "புண்ணியவதி, பூவும் பொட்டுமா போய்ட்டா" என்று உன்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். கால் அழுகிச் செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி பேசினார்கள், அம்மா. எனக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்றைக்குச் சொல்ல வராததை இன்றைக்குச் சொல்கிறேன். ஷூ கொடுத்தார்கள்தான். எந்த ஷூ? எந்தக் காலுக்கு?

நீ அந்த ஷூவைக் கொண்டுவந்த சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். "பாருடி, உங்கம்மா இனிமே பூட்ஸ் போட்ட போலீஸு" என்று வாசலிலேயே சொன்னாய். கறுப்பு நிறம், பளபளப்பு, விரல் பக்கம் இரும்பு வைத்தது. அப்பா விரல் முட்டியால் அந்த முனையைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. நீ அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு போட்டுப் பார்த்தாய். உன் கால் ஏழில்லை, எட்டில்லை; அளவெடுத்தால் ஆறுகூட வராது. ஆனால் பெட்டியில் இருந்தது ஆண்கள் அளவில் எட்டு. "ஆறு கேட்டேன்டி. ஆறுல காலே நுழையல" என்றாய். எப்படி நுழையும்? சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் கரட்டிலும் கொல்லையிலும் நடந்த கால். முன்பக்கம் விரல்கள் விரிந்து விசிறி மாதிரி இருக்கும். அதில் இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி வேறு. அந்த ஷூவோ முன்னால் கூம்பிப் போய், பட்டணத்து ஆணின் ஒல்லிக் காலுக்குச் செய்தது. அகலம் பத்தவில்லை என்று நீளத்தில் இரண்டு அளவு கூட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். மிச்ச இடத்துக்குப் பழைய சேலைத் துணியைச் சுருட்டித் திணித்தாய்.

நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள் என்று இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிறது. அகலம் கேட்க வேண்டிய இடத்தில் நீளம் கேட்கிறார்கள். அகலம் என்று ஒன்றைக் கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்களுக்கும் அக்கறையில்லை.

அதைப் போட்டுக்கொண்டு நீ எப்படி நடந்தாய்! குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே வந்து டப்பென்று விழும். கல் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போது கால் உள்ளே வழுக்கி, விரல்கள் போய் இரும்பில் முட்டும். மெட்டி சதைக்குள் அழுந்தும். ராத்திரி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். முதல் மழைக்கே ஒரு ஷூவின் அடிப்பாகம் பிளந்துகொண்டது. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாய். தோல் என்று சொன்னார்களே, உரிந்தபோது உள்ளே வெறும் துணிதான் இருந்தது.

மெட்டியைக் கழற்றிவிட்டுப் போட்டிருக்கலாமே என்று இப்போதும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். கழற்றினாயே! எண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, முறுக்கி முறுக்கிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனாய். அன்றைக்குத் தண்ணிக் குழாயில் ஒருத்தி உன் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா அஞ்சல, வூட்டுக்காரரு நல்லாத்தான கீறாரு? வெறும் வெரலோட சுத்துற?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போதே மெட்டியை மாட்டிக்கொண்டாய். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதுவும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஷூ உன் வேலையிடத்துக் கொட்டகையில் கிடந்தது. நீ ரப்பர் செருப்போடு கல் சுமந்தாய். மேனேஜர் அதைப் பார்க்கவில்லையா? தினமும் பார்த்தார். மேலிடத்திலிருந்து யாராவது ஜீப்பில் வரும்போது மட்டும், "எல்லாரும் ஷூவ மாட்டுங்க" என்று சத்தம் வரும். ஜீப் போனதும் யாரும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் கோவிந்தம்மா அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேலே இருந்து உருண்ட கல் உன் இடது காலில் விழுந்தது. "காலுலதான, செரியாப் போவும்" என்று துணியைக் கட்டி பஸ் ஏற்றி அனுப்பினார்கள். உனக்குச் சர்க்கரை இருந்தது பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. அந்த நர்ஸ் அக்கா சின்ன கட்டிங் பிளேயரை வைத்து அதை நறுக்கினார். நீ அந்த வலியிலும், "எம்மா, வெட்டாதம்மா, இன்னொரு வாட்டி எண்ண போட்டுப் பாரு" என்று கெஞ்சினாய். காலில் கல் விழுந்தால் யாராவது சாவார்களா என்று ஊரில் கேட்டார்கள். செத்துப்போகிறார்கள்.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் சைட்டுக்கு ஒரு வேன் வந்தது. ஸ்டோர் வாசலில் சாக்குமூட்டைகளை இறக்கினார்கள். பிரித்தேன். அதே ஷூ, அம்மா. அதே கறுப்பு, அதே கூம்பிய மூக்கு, அதே பளபளப்பு. இரும்பு முனையைத் தட்டினால் அதே டங். எல்லாமே ஆண்கள் அளவு. கோவிந்தம்மா அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அஞ்சலையோட ஷூ" என்றார். மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே நம் பெண்கள் எட்டு வேண்டும், ஒன்பது வேண்டும் என்று கேட்டு வாங்கித் துணி திணிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சைட்டில் ரேவதி என்று ஒரு பெண் இருக்கிறாள். புதிதாகக் கல்யாணமானவள், என் வயதுதான், வாய் அதிகம். அவள் மட்டும், "எனுக்கு மெட்டி கிட்டியெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்ல. கழட்டி பர்ஸ்ல வச்சிட்டேன்" என்று சரியான நீளத்தில் ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் ஸ்டோருக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மெட்டி இல்லாத காலுக்கும் அதே கதிதான்.

அந்தக் காலைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ தெளிந்தது. இத்தனை நாளும் உன் மெட்டியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நானும்கூட உள்ளுக்குள் அதைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். மெட்டியைக் கழற்றியவளுக்கும் ரத்தம் வருகிறது என்றால் குற்றம் யாருடையது? கால் முதலில் வந்தது. ஷூ பிறகுதானே வந்தது? எது எதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்?

இன்சார்ஜ் சாரிடம் போனேன். பெயர் தனசேகர். கெட்டவர் என்று சொல்லமுடியாது. எதையும் தலைநிமிர்ந்து கேட்கமாட்டார், போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். நான் இரண்டு முறை சொன்ன பிறகு, "கடிக்குதா? மெட்டிய கழட்டச் சொல்லும்மா. புது ஷூன்னா கடிக்கத்தான் செய்யும்" என்றார்.

"லேடீஸ் அளவுல வேற ஷூ வாணியம்பாடில கெடைக்குமான்னு போய்ப் பாத்துட்டு வர்றேன் சார்."

"போ. சாம்பிள் கொண்டா. ஆனா இதத்தான் போடணும், சொல்லிட்டேன்."

போ என்றும் சொன்னார், வேண்டாம் என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்களை ஸ்டோரில் இருக்கச் சொன்னேன். நாளெல்லாம் நின்ற கால் சாயங்காலம்தான் முழுசாக வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவு மத்தியானத்துக்கே பொய்யாகிவிடும். ஹெல்மெட் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்தேன். ஒவ்வொருத்தரையும் அதில் நிற்கவைத்துக் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். உட்கார்ந்து எடுத்தால் கால் சுருங்கிவிடும், உடம்பு பாரம் முழுக்கக் காலில் இறங்க வேண்டும். அவரவர் தலையில் பாதி நிரப்பிய பாண்டு சட்டியையும் ஏற்றிவிட்டேன். சுமக்கும்போது கால் இன்னும் விரியும் இல்லையா?

"இன்னாடி இது, அளவெடுக்கச் சொல்லோ கூட கல்லு தூக்க வுடுற?" என்றாள் ஒருத்தி.

"கூசுதுடி, பென்சில வேகமா இழு!" என்று கத்தினாள் ரேவதி.

"இவ காலப் பாருடி, தோசக்கல்லு மாதிரி கீது!"

"ஆமா, உன்து மட்டும் தாமரப் பூவு. போடி."

கோவிந்தம்மா அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அட்டையில் நின்றார். மெட்டி இருந்த இடத்தில் பென்சில் ஒரு சின்ன மேடு போட்டது. குனிந்து பார்த்தார். "என் காலு இம்மாம் பெருசாடி?" என்றார். அதில் வெட்கமும் இருந்தது, ஏதோ ஒரு பெருமையும் இருந்தது. தன் காலைத் தானே அதுவரை பார்த்ததில்லை போல.

மறுநாள் அந்த அட்டைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேலூர் போய், பஸ் மாறி வாணியம்பாடி போனேன். காதர் பாய் என்று ஒருவர் கடை. கூரைவரைக்கும் ஷூ பெட்டி. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"வாம்மா. எத்தன நம்பர் வேணும்?"

"நம்பர் தெரியலீங்க. கால் கொண்டாந்திருக்கேன்."

"காலா?"

அட்டைகளை மேசைமேல் விரித்தேன். பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அரே, இத்தினி வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாரும் நம்பரோட வருவாங்க. காலோட வந்தது நீதாம்மா" என்று சிரித்தார். நான் பையிலிருந்து எங்கள் சைட் ஷூவை எடுத்துக் கோவிந்தம்மா அத்தையின் கால்மேல் வைத்தேன். இரண்டு பக்கமும் கால் வெளியே தெரிந்தது. சுண்டுவிரல் முழுசாக ஷூவுக்கு வெளியே நின்றது. பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"லேடீஸ் அளவுல இருக்குதுங்களா?"

"கீதும்மா. முன்னால அகலமா வர்றதும் கீது. ஆனா எல்லாம் வெளிநாட்டு ஆர்டருக்குப் போவுது. இங்க யாரு கேக்குறாங்க?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. இந்த வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் எத்தனை பெண்கள் பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறார்கள்! கடல் தாண்டி இருக்கிற யாரோ ஒருத்தியின் காலுக்கு அளவு தெரிகிறது. மலைமேல் கல் சுமக்கிற காலுக்கு இந்த ஊரில் அளவு கிடையாதா? "நாங்க கேக்குறோங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல, கடைப்பையன் திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம்வரை அந்தக் கடையில் இருந்தேன், அம்மா. நீ இருந்திருந்தால் அலுத்துப்போய் வாசலில் உட்கார்ந்திருப்பாய். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கனம் பார்த்தேன். இரும்புக்குப் பதில் கெட்டியான ஃபைபரில் விரல்மூடி வைத்தது ஒன்று இருந்தது. அதுவும் இரும்பைப்போல அடி தாங்கும், கனம் குறைவு, உள்ளே இடம் அதிகம். ஷூவை வளைத்துப் பார்த்தேன். நடக்கும்போது கால் எங்கே மடங்குமோ அங்கேதான் அதுவும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் உள்ளங்கால் வலிக்கும். குதிகால் பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அடிப்பாகம் வெறும் பசையில் நிற்கிறதா, சுற்றிலும் தையல் இருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். களிமண் சரிவில் பிடிக்கிற மாதிரி பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்தேன். நல்ல தோலில் முத்து முத்தாக நின்றது, மட்டமானதில் உடனே ஊறியது. உன் ஷூ எத்தனை விதத்தில் உன்னை ஏமாற்றியது என்று ஒவ்வொன்றாக அங்கே நின்றுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் நானே போட்டுப் பார்த்தேன். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, தைக்கிற நூலைக் கேட்டு வாங்கி, இரண்டாம் விரலில் மெட்டி மாதிரி தடிமனாகச் சுற்றிக்கொண்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே மெட்டியாம்மா?" என்றார் பாய்.

"காலுக்கு மட்டும்தாங்க" என்றேன். எப்படிச் சொன்னேனோ. விரல்களை முன்னால் தள்ளினால் பின்னால் ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டியதும் குதிகால் அசையவில்லை. நூல் எங்கும் அழுந்தவில்லை. கடைக்கு வெளியே இருந்த சரிவில் இறங்கி ஏறினேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாம்பிள் ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கினார். முனையைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். தட்டவில்லை. கையை உள்ளே விட்டு விரல்களை அசைத்துப் பார்த்தார். "இதுல எடம் கீது" என்றார். கையை வெளியே எடுக்கவேயில்லை. உள்ளே வைத்தபடியே, "அன்னிக்கு நானு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்மா. கழட்டுனா கழட்டிட்டுப் போவட்டும், எவ இன்னா கேட்டா எனுக்கு இன்னான்னு" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார்.

மறுநாள் காலை இன்சார்ஜ் சார் சாம்பிளை ஒரு விரலால் தள்ளினார். "வந்த ஷூவ திருப்பி அனுப்ப முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் வருது. எல்லாரும் இதத்தான் மாட்டணும். போடாதவங்க வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் திரும்பி நடந்திருப்பேன். அவர் அதோடு விட்டிருந்தால் நிச்சயம் நடந்திருப்பேன். ஆனால் அவர் பின்னாலிருந்து ஒன்று சொன்னார்: "நாளைக்கு எதனா ஆச்சுன்னா, நாங்க ஷூ குடுத்தோம், அவங்க போடலன்னு ஆயிடும். பாத்துக்க."

அதே வாக்கியம். இந்த முறை யாரும் சாகவில்லை, கல் விழவில்லை. அதற்குள் வாக்கியம் மட்டும் தயாராக இருந்தது.

நான் ஸ்டோருக்குப் போய்க் கோவிந்தம்மா அத்தையின் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். இன்சார்ஜ் சார் முன்னால் தரையில் போட்டேன். அதன்மேல் சைட் ஷூவை வைத்தேன். கல் அடுக்கும் இடத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள்.

"காலு இவ்ளோ அகலமா இருந்தா நான் இன்னாம்மா பண்றது?" என்றார் அவர்.

"உங்க ஷூவ கழட்டித் தாங்க சார்" என்றேன்.

"இன்னா?"

எனக்குத் திரும்பச் சொல்ல வரவில்லை. பின்னாலிருந்து கோவிந்தம்மா அத்தை உரக்கச் சொன்னார்: "சார், உங்க ஷூவ கழட்டச் சொல்லுது பொண்ணு!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்தவோ என்னவோ, அவர் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றித் தந்தார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. "சாருக்கும் காத்து வருதுடி" என்றாள் ரேவதி. நான் அந்த ஷூவை அட்டைமேல் வைத்தேன். பழுப்பு நிறம், நல்ல தோல், முன்னால் வட்டமாக அகலமானது, அதுவும் பாதுகாப்பு ஷூதான். நீளம் கூடுதல், அது வேறு விஷயம். ஆனால் கோவிந்தம்மா அத்தையின் கால் மெட்டி மேட்டோடு சேர்த்து அதற்குள் முழுசாக மறைந்துவிட்டது.

"இந்த மூட்டையில உங்களுக்கும் ஒரு ஜோடி இருந்துச்சு சார். நீங்க எடுத்துக்கல. இத கடையில போட்டுப் பாத்துத்தான சார் வாங்குனீங்க?"

அவர் அட்டைமேல் இருந்த தன் ஷூவைப் பார்த்தார்.

"நடந்து பாத்துதான வாங்குனீங்க? கடிக்குதான்னு பாத்துதான வாங்குனீங்க? அவங்களையும் பாக்க வுடுங்க சார்."

என் குரல் நடுங்கியது, அழுகிற மாதிரிதான் இருந்திருக்கும். அவர், "அது என் சொந்த ஷூம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் கோவிந்தம்மா அத்தை தன் ஷூவைக் கழற்றி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளேயிருந்து சுருட்டிய துணி வெளியே வந்து விழுந்தது. அடுத்தவள் கழற்றினாள். அதற்கடுத்தவள். ஷூ வரிசையாக நின்றது. பெண்கள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி வெற்றிலையை எடுத்து மடித்தாள்.

சுவரடியில் கலவை போட்டாகிவிட்டது. கல் வராமல் கொத்தனார்கள் கரண்டியோடு நின்றார்கள். வெயில் ஏற ஏறக் கலவை இறுகிக்கொண்டே வந்தது. மேஸ்திரி ஓடிவந்து, "சார், கலவ பூரா வீணாப் போவுது சார்!" என்றார். இன்சார்ஜ் சார் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஓட்டை சாக்ஸுமாகக் கொட்டகைக்குள் போய் ஓனருக்குப் போன் போட்டார். கலவை காய்கிறது என்றதும் ஓனருக்கு எல்லாம் புரிந்துவிட்டது; பெண்களுக்கு வேறு ஷூ வாங்கச் சொல்லிவிட்டார். ஒருத்தியின் கால் நசுங்குவதைவிடச் சிமெண்ட் இறுகுவது சீக்கிரம் புரிகிறது இவர்களுக்கு. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

காதர் பாய் கடையிலிருந்து ஷூ வந்தது. ஒவ்வொருத்தரும் போட்டு, சரிவில் இறங்கி ஏறிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு இன்னும் சரியாக அமையவில்லை. அவர்களுக்கு வேறு வரச் சொல்லியிருக்கிறேன், வரும்வரை கீழே மணல் சலிக்கிற வேலை. இன்சார்ஜ் சார் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. இந்த வேலை எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம் மேலே அடுக்கிய குவியலிலிருந்து ஒரு கல் சரிந்தது. சரியாத நாளே கிடையாது என்பது உனக்குத் தெரியும். இது உருண்டு வந்து கோவிந்தம்மா அத்தையின் காலில் மோதிவிட்டுப் பள்ளத்தில் போய் விழுந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அத்தை பாண்டு சட்டியை இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். ஷூ முனையில் வெள்ளையாக ஒரு கீறல். அத்தை நாடாவை அவிழ்த்து, சாக்ஸை உருவி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மெட்டி அதன் இடத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சல, பாத்தியாடி. ஒண்ணும் ஆவல பாருடி" என்று சொல்லிவிட்டு அழுதார். உன் பெயரைச் சொல்லி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு கீறல், அம்மா. உனக்கும் அவ்வளவோடு போயிருக்க வேண்டியது.

ஆஸ்பத்திரியில் நறுக்கிய உன் மெட்டியை இத்தனை நாளும் பீரோவில் துணியில் சுற்றி வைத்திருந்தேன். இப்போது ஸ்டோர் மேசை டிராயரில் இருக்கிறது. புது ஷூ எது வந்தாலும் முதலில் அதை எடுத்து உள்ளே வைத்துப் பார்க்கிறேன். இடம் இருந்தால்தான் பிரித்துக் கொடுப்பேன். இந்த வேலை போனாலும் அடுத்த இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போவேன். நான் நிற்கிற இடத்தில் இனி எந்த மேனேஜரும் எந்தப் பந்தலிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிக்க முடியாது. எந்த ஷூ, எந்தக் காலுக்கு, அவள் போட்டுப் பார்த்தாளா என்று கேட்பேன். குரல் நடுங்கினாலும் கேட்பேன். இது உன் காலின்மேல் சத்தியம்.

உன் காலின் அகலத்தையே வாங்கிப் பிறந்த,
உன் மூத்த மகள்
மலர்க்கொடி